ஊரிகளின் வதிவிடச் சான்று

நான் ஊரிகளின் சட்டபூர்வமான பிரதிநிதி. எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஊரி என்றால் மன்னார்க் கரைச் சேற்றில் ஊருகிற, கூரான ஓடுள்ள நத்தை. அவற்றில் நாலு இலட்சத்துச் சொச்சம் சின்ன ஊரிகளின் சார்பில் கையொப்பமிடவும், ஆட்சேபம் தெரிவிக்கவும், தேவைப்பட்டால் மேன்முறையீடு செய்யவும் எனக்கு எழுத்தில் அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று தீர்மானிக்கும் அதிகாரம் இன்னும் தரப்படவில்லை.

இதற்கு முன் நான் நண்டு பிடித்துக்கொண்டிருந்தேன். நானும் என் மனைவி ரிஸ்னாவின் அண்ணன் ஸாஜித்தும். கடல் வற்றியதும் ஆளுக்கொரு கொளுக்கிக் கம்பியோடு தாராபுரத்துக் கரையில் இறங்கி, சேற்றுவெளியைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கக் கண்டல் மரங்களடியில் இருக்கும் நண்டு வளைகளுக்குப் போவோம். வழி அது ஒன்றுதான். கம்பியை வளைக்குள் விட்டதும் உள்ளே நண்டு இருக்கிறதா என்று ஸாஜித்துக்குக் கையில் தெரிந்துவிடும். எனக்கு நண்டு விரலைக் கவ்விய பிறகு தெரியும். பதினைந்து வருடமாக இரண்டு வீட்டு அடுப்பும் இப்படித்தான் எரிந்தது.

போன வருடம் வேணுஜா என்றொரு பல்கலைக்கழகப் பிள்ளை வந்தாள். கையில் சதுரமான ஓர் இரும்புச் சட்டம். அதைச் சேற்றில் வைத்து உள்ளே இருக்கும் ஊரிகளை எண்ணுவாள். பத்தடி தள்ளி வைத்து மறுபடி எண்ணுவாள். ஆறு மாதம் இதுவே வேலை.

"என்னத்துக்குத் தங்கச்சி எண்ணுறீங்கள்? ஆரும் களவெடுக்கிறாங்களா?" என்று ஸாஜித் கேட்டான்.

"இல்லை அண்ணா. இதில ரெண்டு இனம் இருக்கு. சின்னது ஒண்டு, பெரியது ஒண்டு. ஒரே சேற்றை மேயிறதில ஒண்டை ஒண்டு தள்ளுது. அதைத்தான் பாக்கிறன்."

"தள்ளுதா? எங்களுக்குத் தெரியேல்லையே."

"மெதுவாத்தான் தள்ளும்."

ஊரி எதையும் மெதுவாகத்தான் செய்யும் என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வேணுஜா அறிக்கை எழுதினாள். அதில், 'இரு இனங்களுக்கிடையே இடத்துக்கும் உணவுக்கும் போட்டி நிலவுகிறது' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி எப்படியோ 'கரையோரத் தகராறுகள் இணக்கப் பணியகம்' என்ற கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கந்தோரைத் திறந்து ஏழு வருடம். ஏழு வருடத்தில் அது ஒரு தகராறையும் தீர்த்ததில்லை, ஏனென்றால் ஒரு தகராறையும் ஏற்றதில்லை. வலைத் தகராறு என்று போனால் மீன்பிடிக் கந்தோருக்குப் போகச் சொல்வார்கள். வேலித் தகராறு என்று போனால் காணிக் கந்தோருக்கு. கந்தோரை மூடப்போவதாகக் கொழும்பிலிருந்து கடிதம் வந்த அதே கிழமைதான் ஊரிகளின் அறிக்கையும் வந்தது. வேறெங்கும் அனுப்ப முடியாத தகராறு ஒன்று முதன்முதலாக வாசலுக்கு வந்திருக்கிறது. பணிப்பாளர் இரத்தினம் அந்த அறிக்கையை இரண்டு கையாலும் வாங்கினார் என்று சொல்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் கரைக்குப் போனபோது மஞ்சள் நாடா கட்டியிருந்தது. பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை: 'தகராறுக்குட்பட்ட நிலம். தீர்ப்பு வழங்கப்படும் வரை இரு தரப்பினரும் உட்பிரவேசித்தல் தடை.' இரு தரப்பினரும் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தார்கள். நாடாவின்மேலும் ஐந்தாறு பேர் ஏறியிருந்தார்கள். வெளியே நின்றது நாங்கள் இருவரும்தான்.

"தரப்பினருக்குத்தானே தடை. நாங்க தரப்பில்லையே," என்றேன்.

"அதைப் போய் அவங்களிட்டச் சொல்லு," என்று நாடாவுக்கு அப்பால் கண்டலடியில் காவலுக்கு இருந்த இருவரைக் காட்டினான் ஸாஜித். அவர்கள் எங்கள் நண்டு வளைகளின்மேல் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கந்தோருக்குப் போனோம். பணிப்பாளர் இரத்தினம் அன்பான மனிதர். ஏழு வருடமாக ஆளே வராத அறையில் இருந்ததால் எங்களைக் கண்டதும் தேநீருக்குச் சொன்னார்.

"சேர், எங்களுக்கு ஊரியோட ஒரு பிரச்சினையும் இல்லை. நண்டுக்குப் போற வழி மட்டும் வேணும்," என்றேன்.

"தம்பி, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா உங்களை நான் கேக்கேலாது. தரப்பினர் அல்லது அவையின்ர பிரதிநிதிகள் சொல்லுறதைத்தான் இந்தப் பணியகம் கேக்கலாம்." பிறகு கதிரையில் சாய்ந்தார். "இன்னொண்டு சொல்லுறன். மனுசருக்கெண்டு இந்த நாட்டில எத்தினை ஆணைக்குழு வந்து போட்டுது. ஒண்டாவது மனுசரைத் திருப்திப்படுத்திச்சா? இல்லை. ஏன்? மனுசர் திருப்பிக் கேள்வி கேக்கினம். ஊரி கேக்காது. இணக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான தரப்பு என்ர இருபத்தெட்டு வருச சேவையில எனக்குக் கிடைக்கேல்லை."

ஸாஜித் என்னைப் பார்த்தான். "அப்ப ஆர் சேர் பிரதிநிதி?"

"இன்னும் ஒருத்தரும் விண்ணப்பிக்கேல்லை."

தேநீர் வந்தது. குடித்து முடிக்கையில் நாங்கள் விண்ணப்பித்திருந்தோம்.

யார் எந்த இனத்துக்கு என்பதைப் பணிப்பாளரே தீர்மானித்தார். என்னை ஒருமுறை பார்த்தார், ஸாஜித்தை ஒருமுறை பார்த்தார். ஸாஜித் நூற்றிரண்டு கிலோ. அவன் பெரிய ஊரிக்கு, நான் சின்ன ஊரிக்கு என்று முடிவாயிற்று.

படிவம் எட்டுப் பக்கம். எழுதுவினைஞர் டிலோஜினி பக்கத்திலிருந்து உதவி செய்தாள். தரப்பினரின் தொழில் என்ற இடத்தில் 'மேய்தல்' என்று எழுதினேன். தகப்பன் பெயர் என்ற இடத்தில் பேனை நின்றது.

"வெறுமையா விடேலாது நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

"ஊரியிட வாப்பாவ எனக்குத் தெரியாதே தங்கச்சி."

"உங்கட வாப்பாட பேரை எழுதிவிடுங்கோ. பிறகு திருத்தலாம்."

எழுதினேன். இன்றுவரை திருத்தவில்லை. ஆகவே நாலு இலட்சம் ஊரிகள் அரசாங்கப் பதிவின்படி என் உடன்பிறப்புகள். ஸாஜித்தும் தன் வாப்பாவின் பெயரை எழுதியதால் பெரிய ஊரிகள் எனக்கு மச்சான் முறை.

அடுத்து, தரப்பினரை எண்ணவேண்டும். உத்தியோகத்தர்கள் பன்னிரண்டு பேர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். அப்போது கடல் பெருகியிருந்தது. முழங்காலளவு தண்ணீரைப் பார்த்தார்கள். ஊரி ஒன்றும் இல்லை. 'இரு தரப்பினரும் முற்றாக இடம்பெயர்ந்துள்ளனர்' என்று எழுதினார்கள்.

"சேர், தண்ணிக்குக் கீழ இருக்கு. பின்னேரம் வத்தினதும் தெரியும்," என்றேன்.

"பின்னேரம் எத்தினை மணிக்கு?"

"அஞ்சு மணியாகும்."

"கந்தோர் நேரம் நாலே காலோட முடியுது," என்றார் இரத்தினம். கடலைப் பார்த்த பார்வையில் ஒரு வருத்தம் இருந்தது, நேரத்துக்கு வேலைக்கு வராத ஊழியரைப் பார்ப்பதுபோல.

பத்து நாள் கழித்து, வற்றும் நேரமும் கந்தோர் நேரமும் ஒருவழியாக ஒத்துவந்தன. வந்து எண்ணினார்கள். இரு தரப்பும் சேர்த்து ஐந்து இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நாற்பத்தொன்று. முதல் அறிக்கையில் பூச்சியம், இரண்டாவதில் ஐந்து இலட்சம். பத்தே நாளில் இத்தனை பேரை மீளக்குடியேற்றியது பணியகத்தின் சாதனை என்று ஆயிற்று. பந்தல் போட்டு விழா நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து, மாலை போட எவரும் அகப்படாததால் ஸாஜித்துக்கும் எனக்கும் போட்டார்.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் எங்கள் ஊரையும் முழுதாக அனுப்பினபோது எனக்குப் பத்து வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய், அங்கிருந்து புத்தளம். திரும்பிவர எங்களுக்கு இருபது வருடம் எடுத்தது. ஊரி எங்களைவிடச் சுறுசுறுப்பு என்பது அந்தப் பந்தலில்தான் எனக்குத் தெரியவந்தது.

விசாரணை அதற்குப் பிறகு தொடங்கியது. முதல் அமர்வில் வேணுஜாவை அழைத்தார்கள். அவள் படம் வரைந்து காட்டினாள்.

"சேர், பெரிய இனம் குஞ்சா இருக்கேக்கதான் சின்ன இனத்தோட ஒரே சேற்றை மேயும். அப்பதான் போட்டி. வளர்ந்தாப் பிறகு அது கண்டலடிக்குப் போய் இலை தின்னும். அதோட சண்டை முடிஞ்சுது. நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

கடைசி வசனம் ஒரு பணியகத்தில் சொல்லக்கூடிய வசனம் அல்ல.

"பிள்ளை," என்றார் இரத்தினம் கனிவாக, "நீங்கள் சொல்லுறது உண்மைதான். ஆனா உண்மையைப் பதியிறதுக்கு இந்தப் படிவத்தில நிரல் இல்லை. எங்களுக்குத் தேவை ஒரே ஒரு விசயம். இந்தச் சேற்றில முதல் குடியிருந்தது ஆர்? தொண்ணூறுக்கு முந்தி இருந்ததுக்குச் சான்று காட்டுற தரப்புக்கு நிலம். மற்றத் தரப்புக்கு முசலிப் பக்கம் மாற்றிடம்."

வேணுஜா தன் இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நியாயமாகப் பார்த்தால் எந்த ஊரி வென்றாலும் எங்களுக்கென்ன? தீர்ப்பு வந்தால் வழி திறக்கும். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த அமர்வில் ஸாஜித் எழுந்து, "சேர், சின்ன ஊரி பிறகு வந்ததுதான். எங்கட ஆக்கள்தான் ஆதியில இருந்து இருக்கினம்," என்றான்.

எங்கட ஆக்கள் என்றான். எனக்குச் சுருக்கென்றது.

"பெரிய ஊரிக்குக் கண்டலடி இருக்குத்தானே சேர். எங்களுக்கு இந்தச் சேறு ஒண்டுதான் இருக்கு," என்றேன். சொல்லும்போது நெஞ்சில் கைவைத்துக்கொண்டேன். நான் நடிக்கவில்லை என்பதுதான் கேவலம்.

வெளியே வந்ததும் ஸாஜித் சொன்னான்: "நீங்கள் இப்படிக் கதைப்பீங்கள் எண்டு நான் எதிர்பாக்கேல்லை."

பதினெட்டு வருட உறவில் அவன் என்னை 'நீங்கள்' என்றது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு மூன்று கிழமை அதுவும் இல்லை.

நண்டு இல்லை. அடுப்பில் பருப்பு மாறிப் பருப்பு ஏறியது. பேச்சு நின்ற நான்காவது நாள் ரிஸ்னா அகப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இஞ்ச பாருங்கோ. ஊரிக்காகவா எண்ட நானாவோட கதைக்காம இருக்கிறீங்கள்?"

"இது கொள்கை."

"அது சட்டிக்க வேகுமா?"

எழுந்து போனேன். முற்றத்தில் கிடந்த ஒரு சின்ன ஊரியோட்டை மிதிக்காமல் சுற்றிப்போனதை அவள் பார்த்துவிட்டாள். அன்று பருப்பில் உப்பும் இல்லை.

சான்றைப் பற்றி யோசித்தேன். 'மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, அல்லது அவ்விடத்தில் வசித்தமையை உறுதிசெய்யும் வேறு நிலையான சான்று' என்று கடிதத்தில் இருந்தது. அந்த வசனம் எனக்குப் பழக்கமானது. நாங்கள் திரும்பிவந்த நேரம் வேறொரு கந்தோரில் இதையேதான் கேட்டார்கள். புத்தளத்துக்குப் போன அவசரத்தில் வாப்பா மின்சாரப் பட்டியலை எடுக்கவில்லை, எங்கள் ஐந்து பேரைத்தான் எடுத்தார். ஆகவே அந்த உத்தியோகத்தரைக் கூட்டிப்போய் இடிந்துகிடந்த வீட்டில் மிஞ்சிய ஒரு சுவரைக் காட்டினேன். வாப்பா எழுபத்தாறில் கட்டியது. "சுவரைக் கோவைக்குள்ள வைக்கேலாது," என்றார் அவர், கையிலிருந்த காகிதக் கோப்பைத் தட்டி. ஏழு வருடம் அலைந்தேன்.

இப்போது திடீரென்று நினைவு வந்தது. அந்தக் காலத்தில் தாராபுரத்தில் சுவர் கட்ட மணல் வாங்குவதில்லை. சேற்றுவெளி ஓரத்து மணலை அள்ளி, ஊரியோட்டோடு சேர்த்துக் குழைத்துத்தான் பூசுவார்கள். எழுபத்தாறாம் ஆண்டு ஊரி அந்தச் சுவருக்குள்ளேயே இருக்கும்.

பின்னேரம் அலவாங்கு என்கிற கடப்பாரையோடு போனேன். எருக்கம் செடிகளுக்கு நடுவில் சுவர் நின்றது. இந்தப் பக்கம் உட்கார்ந்து பூச்சைச் சுரண்டினேன். சற்று நேரத்தில், நான் சுரண்டாதபோதும் சுரண்டும் சத்தம் கேட்டது. நிறுத்தினேன். அதுவும் நின்றது. சுரண்டினேன். அதுவும் சுரண்டியது.

"ஆரது?" என்றேன் சுவரைப் பார்த்து.

சுவர் யோசித்தது. "பெரிய ஊரி," என்றது.

"எண்ட வாப்பாட சுவரில உனக்கென்ன வேலை?"

"எங்கட வாப்பாட சுவரை டோசர் தள்ளிப்போட்டுது. எனக்கு வேற சுவரில்லை."

கோபத்தைத் தொடர வேண்டுமே என்பதற்காக அலவாங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். அதே நேரம் அவனும் குத்தியிருக்கவேண்டும். நூற்றிரண்டு கிலோவின் குத்து. நடுவில் ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. ஓட்டை வழியாக ஸாஜித்தின் முகம் தெரிந்தது. மீசை, புருவம் எல்லாம் சுண்ணாம்பு.

"நரைச்சிட்டாய்," என்றேன்.

"உன்ன விடக் குறைவுதான்."

நீ என்றான். நான் குனிந்து கட்டியை எடுத்தேன். ஒரு தேங்காயளவு இருந்தது. அதில் சின்ன ஊரி ஒன்று பதிந்திருந்தது. அதை ஒட்டினாற்போல் பெரிய ஊரி ஒன்று. ஒன்றை மட்டும் பெயர்க்கலாமா என்று இருவருமே பார்த்தோம். பெயர்த்தால் இரண்டும் உடையும்.

"வாப்பா நல்லாத்தான் குழைச்சிருக்கார்," என்றான் ஸாஜித்.

அடுத்த நாள் சுவரைச் சாரத்துண்டில் சுற்றி இருவரும் கந்தோருக்குக் கொண்டுபோனோம். டிலோஜினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூண்டு பிரதி வேணும் நானா."

"சுவருக்கா?"

"எதுக்கும்."

போட்டோ கொப்பி இயந்திரத்தின் கண்ணாடிமேல் சுவரை வைத்தோம். மூடி மூடவில்லை. ஸாஜித் மேலே கையை ஊன்றி அழுத்தினான். முதல் பிரதி கறுப்பாக வந்தது. இரண்டாவதில் ஸாஜித்தின் கை தெளிவாக விழுந்தது. மூன்றாவதில் இரண்டு ஊரிகளும் தெரிந்தன, கண்ணாடி வெடித்ததும் தெரிந்தது. சமாதான நீதவானிடம் போய் 'மூலத்தோடு ஒப்பிடப்பட்ட உண்மைப் பிரதி' என்று முத்திரை குத்திக்கொண்டு வந்தோம். அவர் தாளுக்கும் குத்தினார், சந்தேகத்துக்குச் சுவருக்கும் ஒன்று குத்தினார்.

இரத்தினம் கோவையைத் திறந்து சுவரை உள்ளே வைத்து நாடாவால் கட்டினார். கட்டுப்பட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அல்லது வேறு எதுவோ செய்திருப்பார்.

தீர்ப்பு ஒன்பது பக்கம். சுருக்கம் இது: இரு தரப்பினரும் எழுபத்தாறாம் ஆண்டு தொட்டு வசித்தமை நிரூபணமாகியுள்ளது. ஆகையால் இரு தரப்பினருக்கும் அந்நிலத்தில் தற்காலிகமாக வசிக்க நிரந்தர அனுமதி வழங்கப்படுகிறது. நிலம் தொடர்ந்து மூடப்பட்டிருக்கும்.

"வழி?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டோம்.

"மனுசருக்குத் திறக்கச் சொல்லி ஒருத்தரும் முறைப்படி கேக்கேல்லையே தம்பி," என்றார் இரத்தினம். உண்மையாகவே வருந்தினார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "ஆனா இதில ஒரு வேலை இருக்கு. தீர்ப்பை ஒவ்வொரு தரப்பினருக்கும் நேரில காட்டி, ஒப்பம் வாங்கவேணும். ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு மேல வாங்கக்கூடாது, அவசரப்படுத்தினதா வந்திடும். உள்ளுக்குப் போக பிரதிநிதிகளுக்கு மட்டும்தான் அதிகாரம்."

"வேலை முடியிற வரைக்கும் காவல்காரர்?"

"தேவையில்லை. நீங்கள்தானே உத்தியோகபூர்வமா நிப்பீங்கள்."

ஸாஜித் வெளியே வந்து கைபேசியில் வகுத்துப் பார்த்தான். ஐந்து இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நாற்பத்தொன்று, நாளுக்கு நாற்பது. முப்பத்தைந்து வருடம்.

"தொண்ணூறில இருந்து இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.

"அதுவும் முப்பத்தைஞ்சுதான்."

"பழகின கணக்கு," என்றான்.

இப்போது தினமும் கடல் வற்றியதும் நாடாவைத் தூக்கிவிட்டு உள்ளே போகிறோம். முதலில் சேற்றில் தாளை விரிப்போம். நடுவில் கோடு, இந்தப் பக்கம் சின்னது, அந்தப் பக்கம் பெரியது. ஸாஜித் தீர்ப்பை வாசிப்பான். ஊரி தாளின்மேல் ஊர்ந்து போனால் அதன் சேற்றுக் கோடுதான் ஒப்பம். அவை ஊர்ந்து முடிக்கும் நேரத்தில் நாங்கள் கண்டலடிக்குப் போய் நண்டு பிடித்துக்கொண்டு வந்துவிடுவோம். ஸாஜித்துக்கு இன்னும் கையில் தெரிகிறது. எனக்கு இன்னும் விரலில்தான்.

போன கிழமை பணியகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினேழாம் இலக்கத் தாளில் பெரிய தரப்பைச் சேர்ந்த ஒருவர் சின்னத் தரப்பின் பக்கத்தில் ஒப்பமிட்டிருப்பது அவதானிக்கப்பட்டுள்ளதாகவும், எழுத்துமூல விளக்கம் தேவை என்றும் இருந்தது. நானும் ஸாஜித்தும் ரிஸ்னா ஆக்கிய நண்டுக் கறியை முடித்துவிட்டுக் கையைக் கழுவி, ஒன்றாக உட்கார்ந்து பதில் எழுதினோம்: 'மேற்படி நபர் குஞ்சு. இப்போது எங்களோடுதான் மேய்கிறார். வளர்ந்ததும் தன் பக்கம் போய்விடுவார்.'

விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். குஞ்சின் பிறப்புச் சான்றிதழின் மூன்று பிரதிகளை மட்டும் இணைக்கும்படி கேட்டிருக்கிறார்கள். தகப்பன் பெயர் என்ற இடத்தில் யாருடைய வாப்பாவை எழுதுவது என்று நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவசரமில்லை, முப்பத்தைந்து வருடம் இருக்கிறது.